பட்டன் ரெண்டு, டோட்டலும் ரெண்டு: பைரெஃப் அனுபவம்

"அண்ணா, ரெண்டு பட்டனும் ஒரே சப்பைத்தான் கூப்பிடுது. டோட்டல் மட்டும் வேற வேற வருது" என்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸ் தம்பி எக்செல் ஃபைலை அனுப்பினார். நூல் ஸ்டாக் ஷீட். அதில் மேக்ரோ (எக்செலுக்குள் வி.பி.ஏ. மொழியில் எழுதும் குட்டி புரோகிராம்; சப் என்பது அதில் பெயர் வைத்த ஒரு பகுதி) எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயாச்சு.

ஃபார் லூப் ஒவ்வொரு வரிசையாகப் போய் எடையைக் கூட்டுகிறது. கூட்டியதும், வரிசை எண்ணை வைத்திருக்கும் 'வரி' என்ற வேரியபிளை 'லாட்பார்' என்ற சப்புக்கு அனுப்புகிறது. அந்த சப், லாட் நம்பர் மாறும்வரை எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே தேதிகளைச் சரிபார்க்கும். அங்கேதான் வினை. பைவால் (நகலை மட்டும் அனுப்பு) என்று நாம் எழுதாவிட்டால் வி.பி.ஏ. அதை பைரெஃப் என்றே எடுத்துக்கொள்ளும். போவது நகல் இல்லை, அந்த வேரியபிளேதான். சப் முடிந்து திரும்பும்போது லூப்பின் எண்ணும் லாட்டின் கடைசிக்குத் தாவியிருக்கும். நடு வரிசைகள் கூட்டலில் விழவே விழாது. எரரும் வராது.

அப்படியானால் இரண்டாவது பட்டனில் எப்படிச் சரியாக வந்தது? முதல் பட்டனில் 'கால் லாட்பார்(வரி)' என்று இருந்தது. இரண்டாவதில் 'கால்' இல்லாமல் 'லாட்பார் (வரி)'. 'கால்' இல்லாதபோது அந்த அடைப்புக்குறி ஆர்க்யுமெண்டுக்கானது (சப்புக்கு அனுப்புவதைச் சுற்றிப் போடுவது) அல்ல. உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு, வந்த மதிப்பை மட்டும் அனுப்பு என்று அர்த்தம். இப்படித் தற்செயலாகச் சரியாக ஓடும் புரோகிராம் கோடுதான் எனக்கு அதிக பயம் தருகிறது.

முதலில் சப்பில் 'வரி ஆஸ் லாங்' (லாங் என்பது முழு எண் வகை) என்று டைப் மட்டும் போட்டுப் பார்த்தேன். உடனே முதல் பட்டனில் 'பைரெஃப் ஆர்க்யுமெண்ட் டைப் மிஸ்மேட்ச்' (டைப் பொருந்தவில்லை) என்ற எரர் வந்தது. மேலே போய், வேரியபிள்களை அறிவிக்கும் டிம் லைனைப் பார்த்தால் 'டிம் வரி, கடைசி ஆஸ் லாங்'. இதில் லாங் ஆவது 'கடைசி' மட்டும்தான், 'வரி' எந்த வகையையும் ஏற்கும் வேரியண்ட். இரண்டும் லாங் ஆக வேண்டுமென்றால் இரண்டுக்கும் தனித்தனியாக 'ஆஸ் லாங்' எழுத வேண்டும். (இன்டீஜர் வேண்டாம். அது 32,767-ஐத் தாண்டாது, ஷீட்டிலோ 10,48,576 வரிசைகள்.)

டிம் லைனைத் திருத்தி, சப்பில் 'பைவால் வரி ஆஸ் லாங்' என்று மாற்றியதும் இரண்டு டோட்டலும் ஒன்றாகிவிட்டன. முதல் பட்டனை அழுத்தி எடுத்த பழைய மாதக் கணக்குகளை எல்லாம் தம்பி இப்போது மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.