பப்புவா நியூ கினி பிளான்: போகலாமா, கோட்டித்தனமா?

ஜங்ஷன்பய
வணக்கம்வே. செப்டம்பர்ல நானும் ரெண்டு கூட்டாளியும் 12 நாளு பப்புவா நியூ கினி போலாம்னு இருக்கோம். வீட்ல சொன்னா ஆப்பிரிக்காவான்னு கேக்காவ. ஆஸ்திரேலியாவுக்கு நேர் மேல இருக்குவே. ஒரு கோடி சனம், 800 பாஷைக்கு மேல, இந்தப் பள்ளத்தாக்குக்காரன் பேசுனா அந்தப் பள்ளத்தாக்குக்காரனுக்கு வெளங்காது, அதனால டோக் பிசின்னு ஒரு கலப்பு பாஷைய வச்சு சமாளிக்காவ. 1975 செப்டம்பர் 16 சுதந்திரம் வாங்குன நாளு, அத ஒட்டி கொரோகாங்கிற மலை ஊர்ல சிங்சிங் நடக்கும், ஊரு ஊரா கூட்டம் வந்து இறகு, சாயம், சிப்பி மாலைன்னு கட்டி ஆடுவாவ. அதப் பாக்கத்தான் போறோம். திருச்சி, சிங்கப்பூர், போர்ட் மோர்ஸ்பி, அங்கேருந்து சின்ன பிளேன்ல கொரோகா. சிட்னி வழியா போனா நம்ம பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா வேற எடுக்கணும், அதான் இந்த ரூட்டு. போயிட்டு வந்தவிய யாராச்சும் இருக்கியளா?

நயினார்குளம்
ஏல துட்டு கூடிப்போச்சா? 2024 சனவரில போர்ட் மோர்ஸ்பில சம்பளம் கொறஞ்சு வந்துச்சுன்னு போலீசு வேலைய நிறுத்துனான், அன்னைக்கே கடை கடையா கொள்ளையடிச்சு தீய வச்சுட்டானுவ, உசுரும் போச்சு. இதே துட்டுல பாலி போயிட்டு வந்து மிச்சத்துக்கு வீட்டுக்கு ஏசி மாட்டலாம்.

ஜங்ஷன்பய
பாலில நம்ம தெருக்காரன் பத்து பேரு நிப்பான் அண்ணாச்சி. அதுக்கு குத்தாலமே போயிருவேன்.

லே_ரிட்டர்ன்
நான் அங்க ஒரு கடைல மூணு வருசம் கணக்கு பாத்தவன். இருந்த பட்டணத்துக்கு பேரே லே, நம்ம ஆளுவளுக்குன்னே வச்ச மாதிரி. தம்பி, பயமும் பாதி நெசம், நீ சொல்லுததும் பாதி நெசம். பஸ் நிக்குத எடத்துல பட்டப்பகல்ல எம்போன புடுங்கிட்டு போனானுவ, அதே வாரம் மழைல மாட்டுனப்ப முன்னபின்ன தெரியாத வீட்ல கூப்ட்டு சக்கரவள்ளிக் கிழங்கு அவிச்சு குடுத்தாவ. தலைநகர்லேருந்து கொரோகாவுக்கு ரோடே கிடையாது பாத்துக்க, பிளேனு மட்டுந்தான், மலைல மேகம் எறங்கிட்டா அதுவும் நிக்கும், அதனால 12 நாள்ல ரெண்டு நாள சும்மா விட்டு வை. லேலேருந்துதான் மலைக்கு ஹைவே உண்டு, வேன் மாதிரி பி.எம்.வி.ன்னு ஓடும், பகல்ல மட்டும் ஏறு. மலேரியா மாத்திரைய டாக்டர்ட்ட கேட்டு ஊர்லயே ஆரம்பிச்சிரு, கொரோகா ஏற்காடு ஒசரத்துல குளுகுளுன்னு இருக்கும், கொசு இல்லன்னு நெனச்சு நிறுத்திப்புடாத, கடலோரத்துல எறங்குனா அவ்வளவுதான்.

தென்காசி_டீச்சர்
எனக்கு கொள்ளை பயமெல்லாம் இல்ல. ஒரு மனுசக் கூட்டத்த வேலிக்குள்ள ஆடவச்சு, டிக்கெட் எடுத்து போட்டோ புடிக்கது எனக்கு ஒப்பல. காரையாறு மலைல காணிக்காரப் பழங்குடிங்கள வரிசையா நிப்பாட்டி வெளிநாட்டுக்காரன் படம் எடுத்தா நீங்க சும்மா இருப்பியளா?

ஜங்ஷன்பய
டீச்சர், குலசை தசராவுக்கு காளி வேசம் கட்டிட்டு வாரவன போட்டோ எடுக்காத ஆளு உண்டா? அதுவும் மிருகக்காட்சியா?

தென்காசி_டீச்சர்
அத இதோட சேக்காதீங்க தம்பி. குலசைல மாலை போட்டு, வெரதம் இருந்து, வீடு வீடா தர்மம் எடுத்து, அந்தக் காச அம்மன் உண்டியல்ல சேக்கான். அது நேத்திக்கடன். உங்க கொரோகா ஷோவ 1957ல ஆரம்பிச்சு வச்சதே அப்ப அங்க ஆண்ட ஆஸ்திரேலியாக்கார அதிகாரிங்க. எந்தக் கூட்டம் நல்லா ஆடுதுன்னு போட்டி வச்சாங்க. இத ஆதி சடங்குன்னு நம்பி கிளம்பாதீங்க.

நயினார்குளம்
டீச்சர் பாயிண்ட புடிச்சிட்டாவ. அவ்வளவு துட்டு போட்டு ஆண்டு விழா பாக்கப் போறியா?

லே_ரிட்டர்ன்
1957 சரிதான் டீச்சர். ஆனா வேலியச் சுத்தி நிக்குதது பூரா உள்ளூர் சனந்தான், வெளிநாட்டுக்காரன் கொஞ்சம் பேரு. நம்ம ஊரு செயிக்கணும்னு தொண்ட கிழிய கத்துவாவ. குலசைலயும் எந்த ஊரு செட்டு பெருசுன்னு போட்டி கிடையாதாக்கும்? தலைல வைக்குத இறகு தகப்பன் மகனுக்கு விட்டுட்டுப் போறது, இல்லாதவன் வாடகைக்கு வாங்கியாந்து கட்டுவான். தம்பி, நீ மைதானத்துல போயி முட்டாத. வெள்ளன எந்திச்சு அவ்வோ சாயம் பூசுத எடத்துல போயி உக்காரு, கேட்டுட்டு படம் எடு, காசு கேட்டா குடு. சொர்க்கப் பறவை இறக மட்டும் வாங்கிட்டு வந்துராத, அவ்வோ தேசியக் கொடியிலேயே இருக்குத பறவை அது, நாட்ட விட்டு கொண்டாரக்கூடாது.

வாழைத்தோப்பு
சண்டைக்கு நடுவுல ஒண்ணு. நாம பொங்கலுக்கு கட்டுத கரும்ப முதல்ல பயிராக்குனதே அந்த தீவு சனந்தான். மேல மலைல கூக்னு ஒரு சதுப்பு நெலம், 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாச்சு, ஏழாயிரம் வருசத்துக்கு முந்தியே மேடு போட்டு வாழை நட்டிருக்கான். தாம்பரவரணித் தண்ணில வாழை நடுத நாம அந்தப் பக்கம் ஒரு கும்பிடு போடணும். இன்னொண்ணு, 2023 மே மாசம் மோடி போனப்ப போர்ட் மோர்ஸ்பில வச்சு திருக்குறள டோக் பிசின்ல வெளியிட்டாவ. மொழிபெயர்த்த ரெண்டு பேர்ல ஒருத்தர் சசீந்திரன் முத்துவேல், தமிழ்நாட்டுலேருந்து போயி அங்க ஒரு மாகாணத்துக்கு ஓட்டு வாங்கி கவர்னரா இருக்காரு.

நயினார்குளம்
குறள் இருக்கட்டும், சோறு கிடைக்குமா?

லே_ரிட்டர்ன்
அரிசி தாராளமா கிடைக்கும். வெத்தல பாக்கும் உண்டு, ஆனா வெத்தல இல்ல, அந்தக் கொடியோட காய சுண்ணாம்புல முக்கி பாக்கோட கடிப்பாவ. மொத தடவ எனக்கு தலை கிர்ருன்னுது, பக்கத்துல ஒரு கிழவி சிரிச்சுகிட்டே இளநி வெட்டி குடுத்தா.

தென்காசி_டீச்சர்
போறதுன்னே முடிவுன்னா பத்து வார்த்த டோக் பிசின் படிச்சிட்டுப் போங்க. அதுக்கும் மேல நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு இன்னும் ஒப்பல.

ஜங்ஷன்பய
சரி டீச்சர், படிச்சிருதேன். லே அண்ணாச்சி, ரூம எப்ப போடணும்?

லே_ரிட்டர்ன்
இப்பவே போடுல. அந்த வாரம் கொரோகால திண்ணை கூட மிஞ்சாது. ராத்திரி பி.எம்.வி.ல ஏறமாட்டேன்னு மொதல்ல சத்தியம் பண்ணு, அப்புறம் தனி மெசேஜ்ல வா, தெரிஞ்ச ஆளு ஒருத்தர சொல்லுதேன்.