கடலில் பாக்டீரியாக்களைக் கொல்லும் வைரஸ்களால் உணவுச் சங்கிலி அறுந்துவிடாதா?

கேள்வி:
மேற்பரப்புக் கடல்நீரின் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 1 கோடி வைரஸ்கள் இருப்பதாகவும், அவற்றுள் பெரும்பாலானவை பாக்டீரியாக்களையே தாக்குவதாகவும் படித்தேன். நாள்தோறும் இத்தனை பாக்டீரியாக்கள் மடிந்தால், அவற்றை நம்பியிருக்கும் உயிர்களின் கதி என்ன?

மறுமொழி 1:
சங்கிலி அறுவதில்லை, உணவு செல்லும் திசைதான் மாறுகிறது. பாக்டீரியாவை ஓர் ஒருசெல் உயிரி விழுங்கினால், அதிலுள்ள கார்பன் படிப்படியாக மிதவை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் போய்ச் சேரும். வைரஸ் தாக்கும்போதோ, செல்லுக்குள் பெருகிய புதிய வைரஸ்கள் அதன் சுவரை உடைத்து வெளியேற, உள்ளிருந்த புரதம், நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு முதலியவை நீரில் கலந்து, அருகிலுள்ள மற்ற பாக்டீரியாக்களுக்கே இரையாகின்றன. இரும்பு அரிதாகக் கிடைக்கும் கடற்பகுதிகளில் இது சிறிய உதவியன்று.

மறுமொழி 2:
ஓர் இனம் மிகுதியாகப் பெருகும்போது அதைத் தாக்கும் வைரஸும் எளிதில் பரவுவதால், எந்த ஓர் இனமும் கடலை முழுதாக ஆக்கிரமிக்க முடிவதில்லை. என்னை மிகவும் வியக்க வைப்பது வேறொன்று: சயனோபாக்டீரியாக்களை (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்களை) தாக்கும் சில வைரஸ்கள் ஒளிச்சேர்க்கைக்கான மரபணுவைத் தாமே சுமந்து வந்து, சாகப்போகும் செல்லையும் கடைசிவரை உழைக்க வைக்கின்றன. (கொல்ல வந்தவன் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது போல!)

கேள்வி கேட்டவர்:
அப்படியானால், இறந்த உயிர்களோடும் கழிவுகளோடும் மூழ்கி ஆழ்கடலுக்குச் செல்லும் கார்பன் குறையுமே?

மறுமொழி 1:
ஓரளவு குறையும். ஆனால் உடைந்த செல்களின் பிசுபிசுப்பான எச்சங்கள் சில வேளைகளில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு விரைவாக மூழ்குவதால், நேர்மாறாகவும் நடப்பதுண்டு.