2023இல் வங்குறோத்திலிருந்து விடுவிப்பு: அடுத்த வசந்தத்தில் வீடு வாங்க முடியுமா? (ஒன்ராறியோ)

மல்வேர்ன் வாசி (நவம்பர்)

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நாங்கள் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். இவர் சொந்தமாக லொறி வைத்து ஓடியவர். 2020இல் ஓட்டம் நின்றுபோனதும் லொறி லீஸ், டீசல் கார்ட், கிரெடிட் கார்ட் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தது. 2021 ஜூனில் வங்குறோத்துப் பதிந்தார். வருமானம் வரம்புக்கு மேலே இருந்தபடியால் ஒன்பது மாதத்தில் முடியவில்லை. 21 மாதம் கட்டி, 2023 மார்ச்சில்தான் விடுவிப்புக் கிடைத்தது. அவருடைய கடன் எதிலும் நான் கையெழுத்து வைக்கவில்லை.

இப்போது இவர் ஒரு கம்பனிக்கு லொறி ஓடுகிறார், வருடம் 68,000. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளர் (பிஎஸ்டபிள்யூ), 46,000. வங்கியில் 30,000 இருக்கிறது, ஜனவரியில் சீட்டு எடுத்தால் இன்னொரு 25,000 வரும். கார் கடன் மாதம் 640, இவர் பெயரில். 2023 கடைசியில் எடுத்தது, ஒரு மாதமும் பிந்தவில்லை. விடுவிப்பு வந்த கையோடு 500 டொலர் வைப்பு வைத்து, அதையே எல்லையாகத் தரும் செக்யூர்ட் கார்ட் ஒன்றும் எடுத்தார்.

ஒரு வங்கியில் போய்க் கேட்டால், "ஆறு வருடம் கழிய வாருங்கள்" என்கிறார்கள். தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், 20 வீதம் முற்பணம் இருந்தால் நாளைக்கே எடுத்துத் தருகிறேன் என்கிறார். அவ்வளவு எங்களிடம் இல்லை. போன கிழமை இவருடைய கிரெடிட் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். ஸ்கோர் 641. அதில் பழைய கார்ட் ஒன்று இன்னும் 6,800 டொலர் பாக்கி, கலெக்‌ஷன் என்று நிற்கிறது. டர்ஹம் பக்கம் 520,000 அளவில் ஒரு டவுன்ஹவுஸ் பார்க்க ஆசை. வசந்தத்துக்குள் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகள் வளர்கிறார்கள், பேஸ்மென்ட் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏஜாக்ஸ் தம்பி

அக்கா, உங்கள் கிரெடிட் சுத்தமாகத்தானே இருக்கிறது? வீட்டை உங்கள் பெயரில் மட்டும் எடுங்கள். அண்ணாவின் வங்குறோத்துக் கதையே வராது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் அப்படித்தான் எடுத்தார்.

ஒஷாவா அக்கா

தங்கச்சி, ஆறு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. வங்கியில் உங்களுக்குச் சொன்னது, வங்குறோத்து அறிக்கையில் தெரிகிற காலம். கிரெடிட் அறிக்கை வைத்திருக்கும் பீரோ இரண்டு. அதில் ஈக்விஃபாக்ஸில் முதல் வங்குறோத்து விடுவிப்பிலிருந்து ஆறு வருடம் நிற்கும். ட்ரான்ஸ்யூனியனில் ஒன்ராறியோக்காரருக்கு ஏழு. உங்களவருக்கு அது 2029, 2030 வரை போகும். ஆனால் அது அறிக்கையில் நிற்கும்போதே மோட்கேஜ் (வீட்டுக் கடன்) கொடுக்கிறார்கள். நான் துப்புரவுக் கம்பனி நடத்தியவள். பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவர் காசு தராமல் போனதால் 2014இல் பதிந்து 2015இல் வெளியே வந்தேன். 2018இல் இந்த வீட்டை வாங்கும்போது என் அறிக்கையில் அது அப்படியேதான் இருந்தது.

20 வீதத்துக்குக் குறைவான முற்பணம் என்றால், நீங்கள் கட்டாமல் விட்டால் வங்கிக்கு நட்டம் வராமல் மோட்கேஜுக்குக் காப்புறுதி வேண்டும். அதைக் கொடுப்பது மூன்று இடம்தான்: அரசின் சிஎம்எச்சி, சேஜன், கனடா கரன்ரி. வங்கி ஓம் என்றாலும் இவர்களும் ஓம் சொல்ல வேண்டும். சிஎம்எச்சி கேட்கும் ஆகக்குறைந்த ஸ்கோர் 600, அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் ஸ்கோரை விட, விடுவிப்புக்குப் பிறகு இவர் எப்படி நடந்திருக்கிறார் என்றுதான் கிண்டிப் பார்ப்பார்கள். புரோக்கர்மார் வழக்கமாகச் சொல்வது இதுதான்: விடுவிப்புக்குப் பின் இரண்டு வருடம், இரண்டு கிரெடிட் கணக்கு, ஒவ்வொன்றும் 2,000 டொலருக்குக் குறையாமல். இது சட்டம் இல்லை, நடைமுறை. வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும். உங்களுக்கு இரண்டு வருடம் கடந்துவிட்டது. கார் கடன் ஒரு கணக்கு. குறைவது அந்தக் கார்ட்தான். 500 டொலர் எல்லையை யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். இந்தக் கிழமையே வைப்பைக் கூட்டி 2,500 ஆக்கச் சொல்லுங்கள்.

கார்ட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காசு கட்டவேண்டிய கடைசி நாளை மட்டும் பார்க்காமல், பில் அச்சாகிற நாளையும் பாருங்கள். அந்த நாளில் கார்டில் எவ்வளவு நிற்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் பீரோவுக்கு அனுப்புவார்கள். 500 டொலர் கார்டில் 400க்குச் சாமான் வாங்கி, கடைசி நாளுக்கு முன் முழுவதும் கட்டினாலும், அறிக்கையில் எல்லையின் 80 வீதத்தைப் பாவித்த ஆளாகத் தெரிவார். எனக்குப் பில் 17ஆம் திகதி வரும், 14ஆம் திகதியே கட்டிவிடுவேன். 30 வீதத்துக்குக் கீழே வைத்திருங்கள்.

அப்புறம் அந்த 6,800. இதை முதலில் பிடியுங்கள். வங்குறோத்தில் சேர்த்த கடன் அறிக்கையில் பாக்கி பூச்சியம் என்று, வங்குறோத்தில் அடங்கியது என்ற குறிப்போடு நிற்க வேண்டும். பாக்கி காட்டினால், விடுவிப்புக்குப் பிறகும் கடன் கட்டாத ஆள் என்று வாசிப்பவர் நினைப்பார். இவரிடம் இரண்டு தாள் இருக்க வேண்டும்: விடுவிப்புச் சான்றிதழ், பதியும்போது கொடுத்த கடன்காரர் பட்டியல். இல்லாவிட்டால் வங்குறோத்தை நடத்தித் தந்த ட்ரஸ்டியின் அலுவலகத்தில் பிரதி கேளுங்கள். பட்டியலில் அந்தக் கார்ட் இருக்கிறதா என்று பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். கடனைக் கலெக்‌ஷன் கம்பனிக்கு விற்றிருந்தால் பெயர் வேறாக இருக்கும். கணக்கு இலக்கத்தின் கடைசி நாலு எண்ணை ஒப்பிடுங்கள். இருந்தால், இரண்டு தாளின் பிரதியோடு ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டுக்கும் தனித்தனியாகத் திருத்தம் கேளுங்கள். காசு கேட்க மாட்டார்கள். நான் இரண்டுக்கும் ஒரே நாளில்தான் அனுப்பினேன். ஒன்று திருத்தித் தந்தது, மற்றது மறுபடி எழுதிய பிறகுதான் திருத்தியது. அதனால்தான் வசந்தம் வரை விடாதீர்கள் என்கிறேன். கலெக்‌ஷன்காரர் எடுத்து, பாதிக்குப் பேசி முடிப்போம் என்றால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பட்டியலில் இருந்த அந்தக் கார்ட் கடன் விடுவிப்போடு முடிந்த கடன்.

கிரெடிட்டைத் திருத்தித் தருகிறோம் என்று முன்காசு கேட்பவர்களிடமும் போகாதீர்கள். வேலை முடியமுன் காசு வாங்குவதை ஒன்ராறியோ சட்டம் தடுக்கிறது. சரியாகப் பதிந்திருக்கும் வங்குறோத்தை யாராலும் அழிக்கவும் முடியாது. வங்குறோத்தால் நொந்துபோன ஆட்களைத் தேடிப் பிடித்து இப்படிக் கறக்கிறார்கள். எனக்கு இதைக் காணும்போதெல்லாம் வயிறு எரியும்.

ஏஜாக்ஸ் தம்பி நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் கணக்கு இடிக்கும். 46,000 மட்டும் என்றால் மாதம் 3,833. காப்புறுதி மோட்கேஜில் வீட்டுச் செலவு இதில் 39 வீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 1,495. மோட்கேஜ், சொத்து வரி, வெப்பமூட்டும் செலவு எல்லாம் இதற்குள். அதையும் உண்மையான வட்டியில் பார்ப்பதில்லை, இரண்டு வீதம் கூட்டித்தான் பார்ப்பார்கள். 520,000 வீட்டுக்கு இது கிட்டவும் வராது. இரண்டு சம்பளத்தையும் சேர்த்தால் மாதம் 9,500. வீட்டுக்கு 3,705 வரை, மற்றக் கடனும் சேர்த்து 44 வீதம், 4,180 வரை. இரண்டுக்கும் இடையில் 475தான். உங்கள் கார் 640. மிச்சம் 165ஐ வீட்டுப் பங்கில் வெட்டுவார்கள். ஆகவே 3,540ஐ வைத்து வீடு தேடுங்கள். திறப்புக் கையில் வரும்வரை தளபாடம், கைத்தொலைபேசி என்று எதையும் தவணைக்கு எடுக்காதீர்கள். யாருக்கும் கடனுக்குக் கையெழுத்தும் வைக்காதீர்கள், கூடப்பிறந்தவராக இருந்தாலும்.

இன்னொன்று. இவருடைய வங்குறோத்தில் காசை இழந்த வங்கி எதுவோ அங்கே போகாதீர்கள். பீரோவில் அழிந்தாலும் தங்கள் பதிவில் வைத்திருப்பார்கள்.

மல்வேர்ன் வாசி

அக்கா, கண் கலங்கிவிட்டது. இரவு இரவாக இருந்து பட்டியலைத் தேடி எடுத்தோம். அந்தக் கார்ட் அதில் இருக்கிறது, கடைசி நாலு எண்ணும் அதேதான்! நாளைக்கே இரண்டு இடத்துக்கும் அனுப்புகிறோம்.

சீட்டுக் காசு பற்றி யாராவது சொல்வீர்களா? ஜனவரியில் காசாகத்தான் கையில் தருவார்கள். அண்ணா தந்த அன்பளிப்பு என்று ஒரு கடிதம் வைத்தால் போதும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார்.

மார்க்கம் ஏஜென்ட்

மோட்கேஜ் தொழிலில் இருக்கிறேன், அதனால் இதை மட்டும் சொல்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். அன்பளிப்பு என்று பொய்யாகக் கையெழுத்து வைப்பது மோட்கேஜ் மோசடி. அண்ணாவும் சேர்ந்து மாட்டுவார்.

முற்பணம் எங்கிருந்து வந்தது என்று 90 நாள் வங்கிக் கணக்கைப் பார்ப்போம். இடையில் 25,000 காசாக விழுந்தால் கேள்வி வரும். 2024 அக்டோபரிலிருந்து பணச் சலவைத் தடுப்புச் சட்டம் எங்கள் தொழிலுக்கும் நேரடியாகப் பொருந்துகிறது, கண்ணை மூடிக்கொண்டு விட முடியாது. சீட்டு நடத்துபவரிடம் இப்போதே கதையுங்கள். காசாக வாங்காமல் வங்கிவழி மாற்றமாகவோ காசோலையாகவோ கேளுங்கள். நீங்கள் மாதாமாதம் சீட்டுக்குக் கட்டியது கணக்கில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், உங்கள் காசுதான் திரும்பி வந்தது என்று காட்டலாம். முழுவதும் காசாகவே கட்டியிருந்தால், சில இடங்கள் அதை முற்பணமாக ஏற்காது. எடுத்த பிறகும் மிச்சத் தவணை கட்ட இருந்தால் அது கடன்தான், மறைக்காமல் சொல்லுங்கள்.

520,000 வீட்டுக்குக் குறைந்தபட்ச முற்பணம் 27,000 (முதல் 500,000க்கு 5 வீதம், மிச்சத்துக்கு 10 வீதம்). அதற்கு மேல் முடிப்புச் செலவுக்கு விலையில் 1.5 வீதம், 7,800, கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். காப்புறுதிக் கட்டணத்தை மோட்கேஜில் சேர்க்கலாம், ஆனால் அதற்கான 8 வீத ஒன்ராறியோ வரியைச் சேர்க்க முடியாது. உங்கள் கணக்கில் அது ஏறத்தாழ 1,600, சட்டத்தரணியிடம் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆகவே 30,000 மட்டும் கொஞ்சம் காணாது. சீட்டு முழுவதும் ஏற்கப்படாவிட்டாலும், சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்த இடைவெளியை நிரப்பப் பாருங்கள்.

இருவரும் இதுவரை சொந்த வீடு வைத்திருக்காவிட்டால், டிசம்பர் 31க்கு முன் ஆளுக்கொரு எஃப்எச்எஸ்ஏ (முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்கு) திறவுங்கள். திறக்கும் வருடத்திலிருந்துதான் வருடம் 8,000 என்ற இடம் தொடங்கும். வங்கியில் இருக்கும் 30,000இல் இப்போது 16,000 போட்டு, மிச்சத்தை ஜனவரியில் போட்டால், போட்டதெல்லாம் வருமானத்தில் கழியும். இந்த வருடத்துக்கான வரி மீளளிப்பு வசந்தத்தில் கையில் வரும், வீட்டுக்காக எடுக்கும்போது வரியும் இல்லை. மாற்றிய நாளின் வங்கி அறிக்கைகளை எடுத்து வையுங்கள், அந்த 90 நாள் கேள்வி அதற்கும் வரும்.