படிப்பின் இடைவேளையில் பார்த்துச் சிரிக்க எந்தப் பறவை?

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி):
அனைவருக்கும் வணக்கம். பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பாடத்தை முடித்துவிட்டு எழுந்ததும், விநோதத் தோற்றம் கொண்ட பறவைகளைத் தேடிப் பார்ப்பது அண்மைக்காலமாக எனக்கு வழக்கமாகிவிட்டது. கலாபகஸ் தீவுகளில் வாழும் நீலக்கால் பூபி என்னும் கடற்பறவையின் ஆண், துணையைக் கவர்வதற்காகத் தன் நீலப் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி நடைபோடுவதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த அறையிலிருந்த அம்மா, "கரிம வேதியியலில் சிரிப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டார். இதுபோன்ற வேறு பறவைகளையும், அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதையும் கூறுவீர்களா?

பதில் 1:
ஷூபில் பறவையைத் தவறவிடாதீர்கள். உகாண்டா, ஜாம்பியா, தெற்கு சூடான் நாடுகளின் சதுப்புநிலங்களில் வாழும் இது ஒரு மீட்டருக்கும் மேல் உயரமானது. பெரிய மரக்காலணியை முகத்தில் மாட்டிவிட்டதுபோல் அலகு இருக்கும். நுரையீரல் மீன் மூச்சுவிட மேலே வரும்வரை நெடுநேரம் அசையாமல் நின்று, வந்தவுடன் உடல் முழுவதையும் முன்னே வீசிப் பாய்ந்து, களையும் சேறும் சேர்த்தே அள்ளிவிடும் என்பதால், அவ்வளவு அகன்ற அலகு அதற்குத் தேவைப்படுகிறது. நாரை இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்டாலும், மரபணு ஆய்வுகள் இதனை நம் கூழைக்கடாவுக்கு நெருங்கிய உறவாகக் காட்டுகின்றன. அது நம்மை உற்றுப் பார்க்கும் பார்வை, தேர்வறைக் கண்காணிப்பாளரையே நினைவூட்டும். அதற்காக என்னைத் திட்ட வேண்டாம்.

பதில் 2:
என் வாக்கு தவளைவாயனுக்கு. இன்ஸ்டாகிராமில் பகிரப்பட்ட பறவைப் படங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்பார்க்கப்படும் அளவைவிட மிக அதிகமான விருப்பங்களைப் பெற்றது தவளைவாயன் வகைதான். ஆஸ்திரேலியாவின் தவளைவாயன், பகலில் அலகை வானோக்கி உயர்த்திக் கண்களைச் சுருக்கி முறிந்த கிளையாகவே நின்றுவிடும். கண்ணைத் திறந்தாலோ, உறக்கம் கலைந்த பெரியவரின் எரிச்சல் முகத்தில் தெரியும். இரவில் பூச்சிகளையும் சிறு உயிர்களையும் கவ்விப் பிடிக்கவே அந்த அகன்ற வாய். இதன் உறவினமான இலங்கைத் தவளைவாயன், இலங்கையில் மட்டுமன்றி மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. கேரளத்தின் தட்டேக்காடு சரணாலயத்தில், இணைகள் பகல் முழுவதும் காய்ந்த இலைகளைப் போல் ஒட்டி அமர்ந்திருப்பதைக் காணலாம்.

பதில் 3:
படங்களைக் குறைகூறவில்லை, தங்கையே. ஆனால் காணொளி ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குவதால், பத்து நிமிட ஓய்வு எளிதில் ஒரு மணி நேரமாகிவிடும். எனவே ஓர் இடைவேளைக்கு ஒரு பறவை, அதுவும் நிழற்படமாக இருப்பதே போதுமென்பது என் கருத்து. அதைவிடவும் நல்லது சன்னலைத் திறப்பதுதான். பழைய மரப்பொந்துகளிலும் கட்டட இடுக்குகளிலும் வாழும் புள்ளி ஆந்தை நம் ஊர்களில் பரவலாகவே உண்டு. அந்தி வேளையில் அது வெளியே வந்து அமர்ந்து, உங்களைக் கண்டதும் தலையை மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் ஆட்டும். ஆந்தையின் விழிகள் குழிக்குள் அசையாதவை. எனவே தொலைவை அளக்கத் தலையையே நகர்த்த வேண்டியிருக்கிறது. கழுத்தில் 14 முள்ளெலும்புகள் இருப்பதால், ஏறத்தாழ 270 பாகை வரை அதனால் திரும்பவும் முடியும்.

பதில் 4:
நீங்கள் சிரித்த பூபியைப் பற்றி ஒரு சேதி. அதன் கால்களின் நிறத்தில், உண்ணும் மீன்களிலிருந்து கிடைக்கும் கரோட்டினாய்டு என்னும் நிறமிக்கும் பங்குண்டு. இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே நீலம் மங்கிவிடும். நல்ல உணவுண்ட ஆணை அடையாளம் காணப் பெண் பறவைக்கு அந்தப் பாதங்களே சான்று. ஆகவே அம்மா மீண்டும் கேட்டால், கரோட்டினாய்டும் கரிமச் சேர்மம்தான் என்று துணிந்து சொல்லலாம்.