பேசுபவர் மூச்சு வாங்கினால் பியானோ என்ன செய்ய வேண்டும்?

கடற்காகம்:
லைப்ஸிக்கில் படிக்கிறேன். எங்கள் பகுதி நூலகத்தில் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘எனோக் ஆர்டன்’ செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் கவிதையை ஜெர்மனில் ஒருவர் சொல்ல, நான் பியானோ வாசிக்க வேண்டும். சொல்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 71. அருமையான குரல். ஆனால் ஒத்திகைக்கு ஒத்திகை நிறுத்தும் இடம் மாறுகிறது. நேற்று அவர் மூச்சு வாங்கிய நேரத்தில் நான் இரண்டு பார் (ஒரு தாளச் சுற்று ஒரு பார்) முந்திவிட்டேன். துக்கமான வரி வருவதற்குள் அதற்கான இசை தீர்ந்தே போனது. நான் தாள எண்ணிக்கையை இறுகப் பிடிக்கவா, விடவா? இன்னொரு சந்தேகம்: இதையும் மெலோடிராமா என்கிறார்களே, நாம் சினிமாவில் சொல்லும் அழுகாச்சி மெலோடிராமாதானா இது?

நாலுகட்டை:
எண்ணிக்கையை விடுங்கள். பெர்லினில் பதினோரு வருடம் நாடகங்களுக்கு வாசித்தவன் சொல்கிறேன்.

முதலில் பெயர். இங்கே மெலோடிராமா என்றால் பாடாமல் பேசுவது, பேச்சோடு இசை சேர்வது, அவ்வளவுதான். ஜெர்மனியில் இதை நிலைநிறுத்தியவர் கோட்டா என்ற ஊரின் அரண்மனை இசைத் தலைவர் கெயோர்க் பெண்டா. அவருடைய ‘நக்சோஸில் அரியாட்னே’ 1775 ஜனவரி 27 அன்று அங்கே மேடையேறியது. வசனம் எழுதிய பிராண்டெஸ் அதைத் தன் மனைவி ஷார்லோட்டுக்காகவே எழுதினார். அந்த அம்மா நடிகை. ஆகவே குரலைப் பாட்டுக்கு வளைக்காமல், இசையைப் பேச்சுக்கு வளைத்தார்கள். அவர் ஒரு வாக்கியம் சொல்வார், ஆர்கெஸ்ட்ரா அந்த மனநிலையை நாலு பாரில் சொல்லி நிற்கும், அவர் தொடர்வார். சில இடங்களில் மட்டும் இரண்டும் ஒன்றாக வரும். பெண்டாவின் இன்னொரு மெலோடிராமாவான ‘மெடியா’வை இரண்டு முறை பார்த்த மொசார்ட், 1778 நவம்பரில் மன்ஹைமிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் வியந்து தள்ளுகிறார்.

உங்கள் ஸ்ட்ராஸ் 1897-ல் எழுதியதும் ஒரு நடிகருக்காகத்தான்: எர்ன்ஸ்ட் ஃபான் போசார்ட். இருவரும் ஊர் ஊராகப் போய் நிகழ்த்தினார்கள். உங்கள் பிரதியைப் பாருங்கள், சொற்களுக்குச் சுரம் கிடையாது. இசைக்கு மேலே வெறும் வரியாக அச்சாகியிருக்கும்.

நான் செய்வது இதுதான்: கவிதையை மனப்பாடம் செய்யுங்கள். எந்தச் சொல்லில் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) விழ வேண்டுமோ அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள். நடுவில் நேரம் இழுத்தால் பெடலில் ஒலியைத் தாங்கி நில்லுங்கள், அல்லது அலை போன்ற பகுதியை மெதுவாக்குங்கள். கை சுரத்தில் இருந்தாலும் காது உங்கள் ஆசிரியையின் மூச்சில் இருக்கட்டும்.

தெற்குத்தெரு:
பேத்தோவனின் ‘ஃபிடேலியோ’ ஓபராவில் வரும் நிலவறைக் காட்சியைக் கேளுங்கள். சிறைக்குள் குழி தோண்ட வந்த லியோனோரா, இங்கே எவ்வளவு குளிர் என்று மெல்லப் பேசுகிறாள். பேச்சின் இடைவெளியில் ஆர்கெஸ்ட்ரா துண்டு துண்டாக வருகிறது. பேத்தோவன் அங்கே பாட வைத்திருந்தால் அந்தக் குளிர் எனக்கு வந்திருக்காது.

எண்ணி வாசிக்கும் வகையும் உண்டு. இசையமைப்பாளர் ஹம்பர்டிங்க் 1897-ல் மியூனிக்கில் ‘ராஜகுமாரப் பிள்ளைகள்’ செய்தபோது பேச்சுக்கே தாளமும் ஏற்ற இறக்கமும் குறித்தார். நடிகர்களுக்கு அது பெரும் பாடு. பின்னாளில் அதையே முழு ஓபராவாக மாற்றினார். 1912-ல் இன்னொரு இசையமைப்பாளர் ஷோன்பெர்க் ‘பியரோ லூனேர்’ எழுதியபோது, சுரத்தைத் தொட்டவுடன் குரல் அதைவிட்டு விலக வேண்டும் என்று முன்னுரையில் சொன்னார். அங்கே தாளம் தவறக்கூடாது. உங்களுடையது அந்த வகை இல்லை.

கடற்காகம்:
இருவருக்கும் நன்றி. சிவப்பு வட்டங்கள் போட்டாயிற்று, முதல் பத்துப் பக்கத்தில் 23. இன்று மாலை பியானோவை நகர்த்தி, அவர் முகம் தெரியும்படி உட்கார்ந்தேன். பேசுவதற்கு முன் தோள் லேசாக உயர்கிறது, இதுவரை நான் பார்க்கவே இல்லை! நேற்று முந்திய இடத்தில் கார்டைப் பிடித்துக் காத்திருந்தேன். ஒலி ஏறக்குறைய அடங்கியபோது அவர் அந்த வரியைச் சொன்னார். சொல்லிவிட்டு, “இன்னொரு முறை அங்கிருந்து போவோமா?” என்று அவரே கேட்டார்.