ஹட்டன் போட்டி: வெற்றியை எண்ணுவதா, வித்தியாசத்தை எண்ணுவதா?

ஹட்டன்காரன்:
அடுத்த மாதம் நம் ஊரில் வார்ஹேமர் 40,000 போட்டி வைக்கிறோம், பெயிண்ட் செய்த குட்டிப் பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் பகடை உருட்டி மோதும் ஆட்டம்தான். எட்டுப் பேர், ஒரே நாள், மூன்று ரவுண்ட். 20-0 முறையில், அதாவது ஆட்டத்துக்கு 20 போட்டிப் புள்ளியை வித்தியாசப்படி இருவருக்கும் பிரித்து, நடத்தலாம் என்று நினைக்கிறேன். இருவரின் ஆட்டப் புள்ளி வித்தியாசம் 5 வரை என்றால் ஆளுக்குப் பத்து. அதற்கு மேல் ஒவ்வொரு ஐந்துக்கும் ஒரு புள்ளி ஜெயித்தவர் பக்கம் போகும். 50ஐத் தாண்டினால் 20-0. சரியா?

பண்டாரவளையான்:
வேண்டாம் அண்ணே, வெற்றியை மட்டும் எண்ணுங்கள். மூன்று ஆட்டத்தையும் ஆறாறு புள்ளியில் வென்றவருக்கு 33தான் வரும். இரண்டு புதியவர்களை நொறுக்கிவிட்டு, மூன்றாவதில் ஆறு புள்ளியில் தோற்றவருக்கு 49! தோற்காத ஆள் பின்னால் நிற்க, தோற்றவர் கோப்பை வாங்குவதா? முதல் ரவுண்டில் யாருக்கு யார் என்பது வெறும் குலுக்கல்.

ஹட்டன்காரன்:
தம்பி, வெற்றியை மட்டும் எண்ணி, ஒவ்வொரு ரவுண்டிலும் சம வெற்றி உள்ளவர்களையே மோதவிட்டால், ஆட்டம் எதுவும் சமனாகாதவரை முதலிடம் தெளிவாகிவிடும். ஆனால் இரண்டு வெற்றியோடு மூன்று பேர் நிற்பார்களே, இரண்டாம் பரிசு யாருக்கு? அதைவிட எனக்குப் பெரிது, தோற்கப் போகிற பையன். ஐந்து டர்ன் ஆட்டத்தில் மூன்றாவதிலேயே முடிவு தெரிந்துவிட்டால் அவன் எதற்காக விளையாட வேண்டும்? வித்தியாசத்தை எண்ணினால் 18 புள்ளியில் தோற்றாலும் ஏழு கிடைக்கும், கடைசிப் பகடை வரை போராடுவான். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான், என்று முடித்துவிடுகிற தேயிலைத் தோட்டத்துக் கணக்கு நமக்கு எதற்கு? பறித்த ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரட்டும்.

தலவாக்கலை அக்கா:
பெயிண்டையும் பேசுங்கள். ஓர் ஆட்டத்தின் நூறு புள்ளியில் பத்து, படை முழுவதும் பெயிண்ட் செய்தவருக்கு. உங்கள் முறையில் அந்தப் பத்தே இரண்டு புள்ளி வரை நகர்த்திவிடும் தம்பி. மழைக்காலத்தில் இங்கே ஸ்ப்ரே அடித்தால் ஈரத்தில் வெளுத்துப்போகிறது, பெயிண்டுக்கோ கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அது பெரிய செலவு. பெயிண்டுக்குத் தனிப் பரிசு வையுங்கள், ஆட்டக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பண்டாரவளையான்:
அக்கா சொல்வது நியாயம். அண்ணே, இரண்டாம் இடத்துக்குச் செஸ்காரர்களிடம் வழி இருக்கிறது: ஒருவர் மோதிய எதிராளிகள் எத்தனை வெற்றி பெற்றார்கள் என்று கூட்டுங்கள். பலமான ஆட்களோடு மோதியவர் மேலே வருவார். அப்புறம் நேரம். மாலையில் பதுளை ரயிலுக்கு ஓட வேண்டியவர்கள் நாங்கள். பின்தங்கியவர் வேண்டுமென்றே இழுத்தடித்து மூன்று டர்னோடு நிறுத்திவிட்டால் வித்தியாசம் குறைந்துவிடும், அவருக்குப் புள்ளி கூடும். போராடுகிறவனுக்குப் பலன் தரும் முறை என்கிறீர்கள், இழுத்தடிப்பவனுக்கும் அதே பலனைத்தான் தருகிறது.

ஹட்டன்காரன்:
அதற்குச் செஸ் கடிகாரம் வைத்துவிடலாம். ஆளுக்குப் பாதி நேரம், தீர்ந்தவர் அதற்கு மேல் நகர்த்தக் கூடாது. பெயிண்டுக்குத் தனிப் பரிசு, அதுவும் சரி. ஆனால் எதிராளிகளின் வெற்றியை எண்ணுவதும் குலுக்கலில்தானே வந்து நிற்கிறது? முதல் ரவுண்டில் யாரோடு மோதுவது என்று நானா தேர்ந்தெடுக்கிறேன்?

பண்டாரவளையான்:
அதற்குப் பிறகும் சமனாக நின்றால் மட்டும் வித்தியாசத்தைப் பாருங்கள். அப்போதும் ஓர் ஆட்டத்துக்கு இருபதுக்கு மேல் எண்ணாதீர்கள், புதியவரை நசுக்கி யாருக்கும் லாபம் வரக் கூடாது.

ஹட்டன்காரன்:
உச்சவரம்பு நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். வெற்றிதான் முதலில் என்பதை மட்டும் இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. எட்டுப் பேரும் ஞாயிறுக்குள் இங்கேயே உங்கள் வாக்கைப் போடுங்கள். பெரும்பான்மை எதுவோ அதன்படி நடத்துகிறேன்.

தலவாக்கலை அக்கா:
என் வாக்கு வெற்றிக்கு.