புதுப்பிப்பு: மளிகைக் கடையில் கணக்கு எழுதிய அனுபவத்தை ரெஸ்யூமில் எப்படிக் காட்டுவது? (வேலை கிடைத்தது)

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் 6 வருடம் கணக்கு எழுதினேன், 20 இடத்துக்கு ரெஸ்யூம் அனுப்பியும் யாரும் கூப்பிடவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கப்பலூர் தொழிற்பேட்டையில் கணக்கர் வேலை கிடைத்து, திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன்.

கைகொடுத்தது ஒரு அக்கா சொன்ன யோசனை: என்ன தெரியும் என்பதை விட்டுவிட்டு, உங்களால் கடைக்கு என்ன மிச்சமானது என்று எழுதுங்கள். முன்பு 'டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி தெரியும்' என்று மட்டும் இருந்தது. இப்போது முதல் வரி இது: 'மாதம் சுமார் 400 கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பியுடன் ஒப்பிட்டு, விட்டுப்போன உள்ளீட்டு வரியை மீட்டேன். 3 வருடமாக 3பி ஒருமுறைகூட 20ஆம் தேதியைத் தாண்டவில்லை.' (2பி என்பது சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல். உள்ளீட்டு வரி என்பது கொள்முதலில் கட்டிய வரி, அதைக் கடை கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். 3பி என்பது மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி கணக்கு.)

அப்பா பெயர், மதம், கடைசியில் வரும் உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

எதிர்பாராதது நேர்காணலில் நடந்தது. பாதி நேரம் அந்த ஒரு வரியைப் பற்றியே பேச்சு. 400 என்பது எப்படி வந்தது, சப்ளையர் பில்லை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். டேலி கொள்முதல் பதிவேட்டில் எண்ணி வைத்திருந்ததால் தடுமாறவில்லை. அதனால் எண் போடும் முன் அதை எடுத்த இடத்தைக் குறித்து வையுங்கள். கடையின் விற்றுமுதலை நான் எழுதவில்லை, அது பழைய முதலாளியின் விஷயம். அதைச் சொன்னபோது மேலாளர் சந்தோஷப்பட்டார்.